என் வீட்டுக்காரர் கையாலேயே மரப்புரை (மரக் கொட்டகை) கட்டுகிறார்: தூக்கி நிறுத்தும் நாளுக்கு யோசனை வேண்டும்

தக்கலை வாசகி
16 ஏப்ரல் 2025, இரவு 9.40

வணக்கம். இங்கே நான் பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவள். விஷு முடிந்து பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள், வீடு அமைதியாக இருக்கிறது. மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் விளையில் (தோப்பில்) மாமனார் வைத்த அயனி (காட்டுப்பலா) மரமும், பக்கத்தில் நின்ற பலாவும் வேரோடு சாய்ந்தன. மாவட்டம் முழுக்க மரம் விழுந்து கிடந்த நேரம் அது. வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். "அப்பா வைத்த மரம், கிடக்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு மில்லில் கொடுத்து அறுத்து, பின்பக்கச் சாய்ப்பில் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ரீப்பர் வைத்து அடுக்கினார். எப்படிக் கட்டப் போகிறார் என்று அவருக்கே அப்போது தெரியாது.

2019-இல் பாரிஸ் நோத்ர தாம் கூரை எரிந்ததை டிவியில் பார்த்தோம். அதைப் பழைய முறையிலேயே, ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கி, மர ஆணி அடித்துத் திரும்பக் கட்டுகிறார்கள் என்று தெரிந்த பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். கிடைத்த காணொளி எல்லாம் பார்த்தார். அப்புறம் ஒரு நாள், "நம்ம பத்மநாபபுரம் அரண்மனையை இதுவரை தலையைத் தூக்கியே பார்க்கவில்லையே" என்றார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் செவ்வாய்தோறும் போனார். மற்றவர்கள் சிற்பத் தூணையும் பளபளக்கும் கருந்தரையையும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கழுத்து வலிக்க வலிக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூரைச் சாய்வில் இறங்கும் கழுக்கோல்களில் துளை போட்டு, எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஒரே நேர்கோட்டில் வளை போகிறதே, அதைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு வருவார்.

2023-இல் பணி ஓய்வு. 2024 தையில் உளியை எடுத்தார். அப்போதிருந்து காலை ஆறு மணிக்கெல்லாம் கொட்டாப்புளிச் (மரச்சுத்தியல்) சத்தம் கேட்டுத்தான் எனக்கு விடிகிறது.

கட்டுவது 12 அடிக்கு 18 அடி, சுவர் இல்லாத திறந்த புரை. பலாவில் ஆறு தூண், 6 அங்குலச் சதுரம், எட்டடி உயரம். குறுக்கே போகும் விட்டமும் நீளவாட்டில் போகும் உத்தரமும் அயனி. கழுக்கோல் முற்றிய தென்னை. இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது, குடுமி, அது நுழையும் துளை, மர ஆணி, ஆப்பு மட்டும்தான். நாற்பது உருப்படிக்கு மேல் வருகிறது. ஏறக்குறைய எல்லாம் தயார்.

இப்போது என் கவலை. இரண்டு தூண், மேலே ஒரு விட்டம், மூலைக்கொரு சாய்வுத் தாங்கி. இப்படி மூன்று சட்டங்களைத் தரையிலேயே கோத்துவிட்டு நிமிர்த்த வேண்டும். பெரிய வாசல் நிலை மாதிரி இருப்பதால் வீட்டில் 'நிலை' என்றே சொல்கிறோம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்னால், கயிறு கட்டி, சொந்தக்காரப் பையன்களை வைத்து நிமிர்த்திவிடலாம் என்கிறார். அவருக்கு வயது 61. வலது தோள் சரியில்லை. அது சாய்ந்து ஒருவர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மரத்தில் நூல் அடிக்கும்போது மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். இந்த ஒன்றேகால் வருடமாக அந்த ஆள் நான்தான். நிமிர்த்துகிற நாளில் மட்டும் சமையல்கட்டில் நின்று வருகிறவர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை. அன்றைக்கு நான் என்ன செய்யலாம்?


சிக்கனம்
16 ஏப்ரல், இரவு 10.15

தப்பாக நினைக்காதீர்கள் அக்கா. இரண்டு மூன்று மாதத்தில் கான்கிரீட் போட்டு ஓர் அறையே கட்டியிருக்கலாம், கரையான் பயமும் இருக்காது. ஓய்வுக்குப் பிறகு கையில் வருகிற பணத்தை மரத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தோள்வலி உள்ளவரை இதில் இறங்க விடுவதும் சரியில்லை. வீட்டில் ஒருவர் தடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.


கோவைக் கட்டுமானன்
17 ஏப்ரல், காலை 7.05

நான் கட்டமைப்புப் பொறியாளர். மரத்தில் அதிகம் வேலை செய்ததில்லை, ஆனால் எடை எடைதான், விசை விசைதான்.

முதலில் உங்கள் பயத்துக்கு ஓர் அளவு கொடுக்கிறேன். காய்ந்த அயனியும் பலாவும் கன அடிக்குச் சுமார் 17 கிலோ வரும். 6 அங்குலத் தூண் எட்டடி நீளத்துக்கு 2 கன அடி. 12 அடி விட்டம் 5-க்கு 7 அங்குலம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 3 கன அடி. தாங்கிகளையும் சேர்த்தால் ஒரு நிலை 125 முதல் 130 கிலோ. ஆறு பேர் சேர்ந்தால் முடியாத எடை இல்லை. ஆனால் கனம் முழுவதும் மேல்பக்கம் இருக்கிறது, அங்கேதான் கவனம் வேண்டும். தரையிலிருந்து இடுப்பு வரை சுலபமாக வரும். தலைக்கு மேல் போனதும் கை எட்டாது, அப்போதுதான் விபத்து. அந்த இடத்தில் கையை நம்பாதீர்கள். கவைக்கம்பு நாலு தயாராக இருக்கட்டும், கை விடுகிற நேரத்தில் கம்பு தாங்க வேண்டும்.

தூண் அடி வழுக்கிப் பின்னால் ஓடாதபடி தரையில் முளை அடித்துக் கட்டை வையுங்கள். இழுக்கிற கயிறு எவ்வளவு முக்கியமோ, எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்துகிற கயிறும் அவ்வளவு முக்கியம். நேராக நின்றதும் வேகத்தில் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும், பலர் இதை மறந்துவிடுவார்கள். நிமிர்ந்த நிலையைத் தற்காலிகக் கட்டையால் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். 18 அடி உத்தரம் ஒன்று 75 கிலோ வரும், அதைச் சாரம் கட்டி, ஒரு டன் செயின் பிளாக் (சங்கிலித் தூக்கி) வாடகைக்கு எடுத்துத் தூக்குங்கள். அங்கே வீரம் வேண்டாம்.

மூலை மட்டம் பார்க்க, மூலைக்கு மூலை நூல் பிடியுங்கள். 12-க்கு 18 என்றால் 21 அடி ஏழரை அங்குலம் சொச்சம். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வர வேண்டும்.

எனக்கு இரண்டு கேள்விகள். நீளவாட்டிலும் தாங்கி இருக்கிறதா? திறந்த புரைக்குக் காற்று கீழிருந்து தூக்கும், தூணைக் கல்லோடு எப்படிப் பிடித்திருக்கிறீர்கள்?


தக்கலை வாசகி
17 ஏப்ரல், மதியம் 2.30

சிக்கனம் தம்பி, நீங்கள் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள், அது புரிகிறது. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மரம் எங்களுடையது. அறுவைக் கூலியும் வண்டி வாடகையும் 17,000 ரூபாய் சொச்சம். தென்னை, ஆயுதங்கள், தூணடிக் கல் எல்லாம் வேறு. ஓடு, இடிக்கிற வீடுகளில் பழையதாக வாங்கிச் சேர்த்தது. கான்கிரீட் அறையைவிட அதிகம் ஆகவில்லை. ஆனால் பணம் பற்றி நான் கவலைப்படவே இல்லை. பணி ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குத் திரும்பப் போகும்படி நான் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி, உங்கள் பதிவை அச்சடித்து அவர் கையில் கொடுத்தேன். மூன்று முறை வாசித்தார். நீளவாட்டில் எட்டுத் தாங்கிகள் இருக்கின்றன. தூணின் அடியில் துளை போட்டு, கல்லில் ஒட்டி நிறுத்திய துருப்பிடிக்காத கம்பி அதற்குள் ஏறுகிற மாதிரி செய்திருக்கிறார். தூண் மண்ணைத் தொடாது, கல் ஓரடி உயரம். கம்பி மட்டும் போதாதா என்று கேட்கச் சொன்னார்.

மில்லில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு உத்தரத்துக்கு 18 அடி நீளமாகவே விடச் சொல்லியிருந்தோம். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, இன்னொன்றுக்கான மரத்தை 12 அடித் துண்டுகளாக அறுத்துத் தந்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. வேறு மரம் வாங்கலாம் என்றேன். "இது அப்பா மரம், இதிலேயே வரணும்" என்று சொல்லி, இரண்டு துண்டையும் இரண்டடி நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி சரித்துச் செதுக்கி, நடுவில் ஆப்பு இறக்கி ஒரே உத்தரமாக்கினார். மூன்று வாரம் அந்த ஒரு மூட்டுக்கே போனது. இப்போது விரல் நகம்கூட அந்த இணைப்பில் மாட்டாது. நீங்கள் யாராவது அதை வந்து தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.


கோவைக் கட்டுமானன்
17 ஏப்ரல், மாலை 6.10

அந்த மூட்டு நடுத்தூணுக்கு நேர்மேலே வருகிறதா? வந்தால் நல்லது. தூணுக்கு நடுவெளியில் வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கம்பி, தூணைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும், மேலே தூக்குவதைத் தடுக்காது. தூணின் குறுக்கே ஓர் ஊசி அந்தக் கம்பியையும் ஊடுருவிப் போகட்டும். ஒக்கி சாய்த்த மரத்தில் கட்டுகிறீர்கள், அடுத்த ஒக்கியை நினைத்துக் கட்டுங்கள்.


தக்கலை வாசகி
17 ஏப்ரல், இரவு 8.00

நேர்மேலேதான் அண்ணாச்சி. இந்தப் பக்கம் ஓரடி, அந்தப் பக்கம் ஓரடி. ஊசியும் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.


வடமராட்சிப் பனை
18 ஏப்ரல், அதிகாலை 1.20

அக்கா, உங்கள் பதிவை வேலை முடிந்து வந்து ரயிலில் வாசித்தேன். எங்கட அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

1995-இல் யாழ்ப்பாணப் போரில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது வீட்டுச் சுவர் நின்றது, கூரை இல்லை. ஓடும் இல்லை, கூரையைத் தாங்கிய பனை வளையும் இல்லை, ஓடு படுக்கிற சிலாகையும் இல்லை. ஊரில் நின்ற பனைகளிலும் பாதி பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. பனையில் எல்லாமே மரம் ஆகாது. முற்றிய மரத்தில் வெளிப்பக்கம் கறுப்பாக வைரம் பாய்ந்திருக்கும், உள்ளுக்குள் சோறுதான். அந்த வைரத்தைப் பிளந்து எடுத்தால்தான் வளை. தச்சுவேலை தெரிந்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், வாழ்க்கையில் உளி பிடித்ததில்லை. ஒரு வயதான தச்சரிடம் கேட்டுக் கேட்டு, எங்கட கூரையைத் தானே போட்டார். அம்மா கீழே நின்று ஒவ்வொரு சிலாகையாக எடுத்துக் கொடுத்தார்.

அப்பா இப்போது இல்லை. அம்மா இன்றைக்கும் அந்தக் கூரையின் கீழேதான் படுக்கிறா. இங்கே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறா.

நீங்கள் சமையலுக்கு ஆள் பிடித்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.


தேம்ஸ் கரை
18 ஏப்ரல், மாலை 4.45

என் கணவரும் இதே பைத்தியம்தான், அன்போடு சொல்கிறேன். நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில், இடிக்க இருந்த பழைய மரச்சட்ட வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அங்கே ஓக் வேலை கற்றுத் தருகிறார்கள். ஒரு வாரம் போய்விட்டு வந்தவர், தோட்டத்தில் ஒரு வண்டிக் கொட்டகை கட்டாமல் விடவில்லை.

இங்கே முறை வேறு. ஓக்கைப் பச்சையாகவே செதுக்குவார்கள், காய்ந்தால் உளி இறங்காது. கட்டி முடித்த பிறகு அது காய்ந்து சுருங்கும், சில இரவுகளில் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் கேட்கும். முதல்முறை நான் எழுந்து ஓடியிருக்கிறேன். இரும்பு பட்டால் ஓக் கறுத்துவிடும். இப்படிக் கட்டியவை எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்பவர்களுக்கு: எசெக்ஸில் கிரெஸ்ஸிங் டெம்பிள் என்ற இடத்தில் இரண்டு தானியக் களஞ்சியங்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. உள்ளே போய் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தாராசுரத்தைச் செதுக்கி ஏறக்குறைய நூறு வருடத்துக்குள் இங்கே அந்த மரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் நிமிர்த்திய அன்று நான்தான் பெயர் கூப்பிடுகிறவள். எந்த உருப்படி எதற்குப் பிறகு, எது எந்தப் பக்கம் என்று எல்லாம் என் கையில் இருந்த தாளில் இருந்தது. நான் சொல்லாமல் யாரும் எதையும் தூக்கக் கூடாது. பதினான்கு பேருக்கும் ஒரே குரல்தான் கேட்க வேண்டும், அது கயிறு பிடிக்காத ஒருவருடைய குரலாக இருக்க வேண்டும். வேலையில் மூழ்கியிருப்பவருக்கு மொத்தமும் கண்ணில் படாது. தள்ளி நிற்பவருக்குத்தான் ஒரு தூண் அடி நகர்வது தெரியும். இதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தச்சர்கள் ஒவ்வொரு மூட்டிலும் உளியால் ரோமன் எண் வெட்டுவார்கள். நேர்கோடுகள் என்பதால் உளிக்குச் சுலபம். உங்கள் மரங்களில் எண் போட்டாயிற்றா?


தக்கலை வாசகி
18 ஏப்ரல், இரவு 9.15

போடவில்லை! பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறார், அதுவும் கை பட்டுப் பட்டு அழிகிறது.

அந்தக் குரல் விஷயத்தை வாசித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியவள் நான். அது என்னால் முடியும்.

எண்ணை நானே வெட்டுகிறேன் என்று கேட்டேன். உடனே உளியைக் கொடுத்துவிட்டார். தமிழ் எண்ணில் வெட்டலாம் என்று இருக்கிறேன். ௧, ௨, ௩ என்று.


ஆசாரி வீட்டுப் பேரன்
19 ஏப்ரல், காலை 11.00

நாகர்கோவில் பக்கம்தான் நானும். தாத்தா கோயில் கொட்டகை, தேர் வேலை எல்லாம் செய்தவர். நான் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஆனால் அவர் பட்டறையில்தான் வளர்ந்தேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சித்தப்பா மரத்தை இத்தனை வருடம் போட்டு வைத்ததுதான் பாதி வேலை. அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது கணக்கு. ஆறு அங்குலத் தூணுக்கு ஆறு வருடம். சரியாக அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் உளி வைத்திருக்கிறார். மரம் நீளத்தில் சுருங்காது. குறுக்கே சுருங்கும், அதிலும் வளையத்தை ஒட்டிய பக்கம், நடுவிலிருந்து வெளியே போகிற பக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். பச்சையில் வெட்டிய குடுமி ஆடுவதும் தூண் முறுக்குவதும் அதனால்தான்.

மர ஆணி பற்றி யாரும் சொல்லவில்லையே. துளையையும் குடுமியையும் சேர்த்துவைத்து ஒரே ஓட்டையாகப் போடாதீர்கள். தூணில் போட்ட பிறகு, குடுமியில் மட்டும் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) தோள்பக்கம், அதாவது குடுமி தொடங்குகிற விளிம்புப் பக்கம், தள்ளிப் போட வேண்டும். ஆணி இறங்க இறங்க, மூட்டைத் தானே இழுத்து இறுக்கும். தாத்தா இதை "மரம் மரத்தைக் கட்டிப்பிடிக்கும்" என்பார். ஒரு நூலுக்கு மேல் தள்ளினால் ஆணி முறியும் அல்லது குடுமி பிளக்கும். ஆணியின் முனையைக் கூம்பாகச் சீவுங்கள், ரேகை ஓடுகிற வாக்கில் பிளந்து எடுத்த மரமாக இருக்கட்டும், ரம்பத்தில் அறுத்தது வேண்டாம். சட்டத்து மரத்தைவிட ஆணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைத்திருப்பார்கள்.

சித்தி, தமிழ் எண்ணுக்கு வளைவு உளி வேண்டும். தட்டை உளியில் வளைவு வெட்டினால் ஓரம் சிதறும். கவனம்.

உத்தரம் ஏற்றுகிற நாளில் தாத்தாவுக்கு வேட்டியும் துண்டும் கொடுப்பார்கள். எத்தனை வீட்டுக்கு வேலை செய்திருந்தாலும் அந்த வேட்டியை மட்டும் மடித்துத் தனியாக வைத்திருப்பார். சித்தப்பாவுக்கு நீங்கள் ஒன்று எடுத்து வையுங்கள்.


சிக்கனம்
19 ஏப்ரல், மதியம் 1.40

இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதலில் எழுதியதில் கரையான் பற்றிச் சொன்னது நிஜமான சந்தேகம்தான். கல் மேல் நிறுத்தினால் போதுமா?


ஆசாரி வீட்டுப் பேரன்
19 ஏப்ரல், மதியம் 2.05

அயனி, பலா இரண்டிலும் வைரம் பாய்ந்த உள்மரத்தைக் கரையான் சீக்கிரம் தொடாது. வெளிப்பக்க வெளுப்பை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட வேண்டும், அதைத்தான் தின்னும். கல் உயரமாக இருந்தால், மண்கோடு கட்டிக்கொண்டு ஏறுவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். நனைந்து காயாமல் இருக்கிற இடம்தான் மரத்துக்கு எதிரி. கூரை இறக்கத்தை இரண்டடி வெளியே விடுங்கள்.


தக்கலை வாசகி
20 மே 2025, இரவு 8.30

ஒரு மாதம் ஆயிற்று. எல்லோரும் கேட்டிருந்தீர்கள், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மே 18, நிமிர்த்திவிட்டோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

காலை ஆறரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். சமையலை என் நாத்தனார் எடுத்துக்கொண்டாள். நான் முந்தின நாளே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று வட்டம் வரைந்திருந்தேன். கோவை அண்ணாச்சி சொன்ன எதிர்க்கயிறு, முளை, கவைக்கம்பு எல்லாம் இருந்தன. என் வீட்டுக்காரர் கயிறு பிடிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேன், சரி என்றார். கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, தூண் அடி கம்பியில் ஏறுகிறதா என்று பார்ப்பது மட்டும் அவர் வேலை.

முதல் நிலை நிமிர்ந்ததை என்னால் வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பதினைந்து மாதமாகத் தரையில் கிடையாகவே பார்த்த மரம். நான் "ஏ... தூக்கு" என்று குரல் கொடுக்க, இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, கம்புகள் உள்ளே போயின. அப்புறம் ஒரு நொடி அது யாருடைய பலமும் இல்லாமல் நிற்பது போல இருந்தது. "நிறுத்து" என்றேன். எதிர்க்கயிறு விறைத்தது. கல்லில் கம்பி ஏறிய சத்தம் "டொக்" என்று கேட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது நிலையில்தான் சிக்கல். தரையில் கோக்கும்போதே மூலைத்தாங்கி உட்காரவில்லை. குடுமி துளைக்குள் போகிறது, ஆனால் தோள் படியவில்லை, கால் அங்குலம் இடைவெளி நிற்கிறது. ராத்திரி தூறல் விழுந்தது, மரம் ஊதியிருக்கும் என்றார் ஒருவர். கொஞ்சம் செதுக்கிவிடலாம் என்று இன்னொருவர் உளியை எடுத்தார். என் வீட்டுக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது, தானே தப்பாக வெட்டிவிட்டோமோ என்று. அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"உளியைக் கீழே வை" என்றேன். கையில் தாளோடு போய்க் குனிந்து பார்த்தேன். எண் ௪ என்று இருந்தது. நான்காம் எண் தாங்கி இரண்டாவது நிலைக்கு உரியது, அதை ஏற்கெனவே அங்கே மாட்டி நிமிர்த்திவிட்டோமே? விரலால் தடவிப் பார்த்தேன். இது நான்கேதான். அப்படியானால் அங்கே ஏறியிருப்பதுதான் ௬. ௪-க்கும் ௬-க்கும் வித்தியாசம் அந்தக் கீழ்வால் மட்டும்தானே. பேரன் தம்பி சொன்னது போல ஓரம் சிதறி, அந்த ஆறில் வால் போய்விட்டிருக்கிறது. இரண்டாவது நிலையில் மாட்டிய அந்தத் தாங்கி சரியாகப் பொருந்தியதாகத்தான் அப்போது தெரிந்தது. அண்ணாந்து பார்த்தால் அங்கேயும் தோளில் ஒரு மெல்லிய கோடு. இரண்டும் இடம் மாறியிருந்தன.

ஆணி இன்னும் அடிக்கவில்லை, அதனால் தப்பித்தோம். இரண்டாவது நிலையைத் திரும்பச் சாய்த்து, தாங்கியை மாற்றி, மறுபடி நிமிர்த்த ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. யாரும் முகம் சுளிக்கவில்லை. ௬ தன் இடத்துக்குப் போனதும் தோள் முழுக்கப் படிந்தது. அன்றைக்கு ஒருவர் அவசரத்தில் அந்த மரத்தைச் செதுக்கியிருந்தால், பதினைந்து மாத வேலையில் ஒரு பொய் மூட்டு நின்றிருக்கும்.

உத்தரம் இரண்டும் செயின் பிளாக்கில் ஏறின. ஒட்டு உத்தரம் நடுத்தூணில் உட்கார்ந்ததும், ஆப்பின் கடைசி அடியை மாமனாரின் பழைய கொட்டாப்புளியால் அடித்தார். மூலைவிட்டம் பிடித்தோம். ஒன்று 21 அடி ஏழரை, இன்னொன்று அதைவிட ஒரு நூல் கூடுதல். மாலை நாலரை மணிக்கு நான் வேட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு அதைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.


கோவைக் கட்டுமானன்
20 மே, இரவு 9.20

12-க்கு 18-இல் ஒரு நூல் வித்தியாசம். நான் மேற்பார்வை செய்த கட்டடங்களில் இதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன் அம்மா. "உளியைக் கீழே வை" என்று சொன்னீர்களே, அதைத்தான் நான் இங்கே என் இளம் பொறியாளர்களுக்குச் சொல்லப் போகிறேன். தூண்களுக்கு நடுவெளியில் கழுக்கோல்கள் உத்தரத்தை வெளியே தள்ளும், கவனம். வளையையும் விட்டுவிடாதீர்கள்.


வடமராட்சிப் பனை
21 மே, அதிகாலை 12.50

வாசித்து முடித்து அம்மாவுக்கு ஃபோன் எடுத்து வாசித்துக் காட்டினேன். வேட்டி வந்த இடத்தில் "கொஞ்சம் நில்லு" என்றா.


சிக்கனம்
21 மே, காலை 8.15

வாழ்த்துகள் அக்கா. ஓடு எப்போது? பழைய ஓடு என்றீர்கள், அது எடை தாங்குமா?


தக்கலை வாசகி
29 மே 2025, மாலை 5.10

தம்பி, நன்றி. பழைய ஓட்டில் ஒரு பங்கு, பின்புறம் பேசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற எண்ணும் போட்டது. அது மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய வருடம், ஓடு செய்த வருடம் இல்லை. தட்டினால் வெண்கலம் போலச் சத்தம் வருகிறது. எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் வரும். அந்தக் கனம் காற்றுக்கு நல்லதுதான் என்று கோவை அண்ணாச்சி தனியாக எழுதியிருந்தார்.

ஆனால் மழை முந்திக்கொண்டது. மே 24-ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது, எங்கள் பக்கமும் கொட்டுகிறது. கழுக்கோலும் வளையும் ஏறிவிட்டன, ஓடு இன்னும் ஏறவில்லை. முகட்டுக்குக் குறுக்கே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறோம்.

நேற்றுச் சாயங்காலம் மழைக்குள்ளே ஓடிப்போய் அதற்கடியில் இரண்டு நாற்காலி போட்டோம். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வீட்டுக்குள் போய், வளைவு உளியை எடுத்துக்கொண்டு வந்தார். ஏணி போட்டு ஏறி, அந்த ஆறாம் எண்ணுக்கு வால் வெட்டினார். நான் கீழே நின்று டார்ச் அடித்தேன்.